விளங்க வைத்தல்

நுழையும்முன்

இயந்திரங்கள் பழுதடைவது இயல்பு. அவற்றைச் சீராக்கக் கைத்திறன் வேண்டும். அக்கைத்திறனுக்கு இணையான மற்றொரு திறனும் பழுதுநீக்கும் தொழிலுக்குத் தேவைப்படுகிறது. நேர்ந்த பழுது என்ன, அது ஏன் நேர்ந்தது, சீராக்க எவ்வளவு செலவாகும் என்பவற்றை எதிரில் நிற்பவர் புரிந்துகொள்ளும்படி எடுத்துரைப்பதே அத்திறன். அதன் தேவையையும் அதற்குரிய வழிகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு துண்டுச் சீட்டு

சிற்றூர் ஒன்றில் இட்லிமாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். மாவரைக்கும் கிரைண்டர் ஒன்றும் குளிர்பதனப் பெட்டி ஒன்றுமே அவருடைய முதலீடு. சித்திரை வெயிலில் ஒருநாள் அப்பெட்டி குளிர்ச்சி தர மறுக்கிறது. உள்விளக்கு எரிகிறது, பின்புறம் மோட்டார் ஓடும் ஒலி இடைவிடாமல் கேட்கிறது. ஆனால், உள்ளே வைத்த மாவு புளித்துப் பொங்கி வழிகிறது. அன்றைய வருவாய் கழிவுநீரோடு போகிறது.

பழுதுநீக்குநர் வருகிறார். பெட்டியை நகர்த்திப் பார்க்கிறார். குழாய்களைத் தொட்டுப் பார்க்கிறார். சோப்புநுரை தடவிச் சோதிக்கிறார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதுகிறார்: ‘காயில் லீக், பிரேசிங், ஃபில்டர், வேக்கம், கேஸ் சார்ஜ் – 4,200’. “செய்துவிடலாமா அக்கா?” என்று கேட்கிறார்.

அப்பெண் தலையசைக்கிறார். அந்த அசைவு சம்மதம் போலத் தோன்றுகிறது. உண்மையில், மறுக்கும் வழி தெரியாமையின் அடையாளமே அது. சென்ற ஆண்டும் இதே பெட்டிக்கு ‘கேஸ்’ நிரப்பப் பணம் கொடுத்தது அவருடைய நினைவுக்கு வருகிறது. மறுபடியும் ஏன் நிரப்ப வேண்டும் என்னும் வினா மனத்தில் எழுகிறது, நாவுக்கு வரவில்லை. கேட்டால் அறியாதவர் என்று எண்ணிவிடுவாரோ என்னும் தயக்கம் தடுக்கிறது.

பழுதுநீக்குநர் நேர்மையானவர். அவர் கேட்ட தொகையும் முறையானதே. பெட்டி நன்றாகச் சீராகிறது. ஆயினும், மறுநாள் அண்டை வீட்டாரிடம் அப்பெண், “என்னமோ எழுதிக் கொடுத்து நாலாயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு போய்விட்டார்” என்றுதான் கூறுகிறார். செய்த பணியில் குறையில்லை. சொன்ன முறையில் குறை இருந்தது. அதனால் ஒருவர் மனநிறைவை இழந்தார். மற்றவர் நற்பெயரை இழந்தார்.

தொழிலாளர் மொழி

அச்சீட்டில் இருந்த சொற்கள் பொய்யானவை அல்ல. அவை தொழில் செய்வோர் தமக்குள் வழங்கும் சொற்கள். ஒரு தொழிலைச் சார்ந்தோர் தம் குழுவுக்குள் மட்டும் பயன்படுத்தும் சொல்லைத் தமிழ் இலக்கணம் ‘குழூஉக்குறி’ என்று வழங்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும் யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் அதற்குத் தொன்றுதொட்டுக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள்.

குழூஉக்குறி தேவையற்றது அன்று. ஒரு பட்டறையில் மூத்தவர் இளையவரிடம், “வேக்கம் போட்டுவிட்டுச் சார்ஜ் பண்ணு” என்றால், பத்து வரிகளில் சொல்ல வேண்டியது நான்கு சொற்களில் முடிந்துவிடுகிறது. வேலை விரைவாக நடக்கிறது, தவறும் நேர்வதில்லை. ஆனால், அதே தொடர் பட்டறையின் வாயிலைத் தாண்டி வாடிக்கையாளரிடம் வரும்போது அதன் பயன் தலைகீழாகிவிடுகிறது. உள்ளே தெளிவு தந்த சொல் வெளியே மயக்கம் தருகிறது. குழுவிற்குள் பேசும் மொழி எங்கே முடிய வேண்டும், பொதுமொழி எங்கே தொடங்க வேண்டும் என்று அறிவதே விளக்கிச் சொல்லும் கலையின் முதற்படி.

தெரிந்து தெளிவோம்
பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்தினையும் அழகுகள் பத்தினையும் வகுத்துக் காட்டுகிறது. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, வேண்டாததை மிகுத்துச் சொல்வது, படிப்பவர் பொருள் காண முடியாமல் மயங்கச் செய்வது ஆகியவை குற்றங்களுள் அடங்கும். விளங்க வைத்தல் அழகுகளுள் ஒன்றாகும். நூலுக்குச் சொன்ன இவ்விலக்கணம் ஒரு செலவு மதிப்பீட்டுச் சீட்டுக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பும் விளக்கமும்

ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றாகத் தமிழ்க் கலைச்சொல்லை வைத்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் புரிந்துவிடும் என்று சிலர் கருதுவர். அது பாதி உண்மை. மின்விசிறி மெதுவாகச் சுழல்கிறது என்று கொண்டுவரும் ஒருவரிடம், “கெப்பாசிட்டர் போய்விட்டது” என்றாலும் “மின்தேக்கி பழுது” என்றாலும், அப்பொருளை அறியாதவருக்கு இரண்டும் ஒன்றே. பெயர் மாறியதே தவிர, செய்தி சென்று சேரவில்லை.

அவரிடம் பின்வருமாறு சொல்லலாம்: “வீட்டு மின்விசிறியின் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. தொடக்கத்தில் அதற்கு ஓர் உந்துதல் வேண்டும். அந்த உந்துதலைத் தருவது விரற்கடை அளவுள்ள இந்தச் சிறு பெட்டி. இதன் வலு குறைந்துவிட்டதால் விசிறி தயங்குகிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது; இதை மட்டும் மாற்றினால் போதும்.” இவ்விளக்கத்தில் அப்பொருளின் பெயர் இறுதியில் வந்தாலும் போதும், வராவிட்டாலும் குறையில்லை. அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, இல்லாவிட்டால் என்ன நேர்கிறது என்னும் மூன்றும் வந்துவிட்டன.

ஒரு பொருளைப் பெயரால் அறிவிப்பது ஒன்று. அதன் பணியால் அறிவிப்பது மற்றொன்று. மதிப்பீட்டைக் கேட்பவருக்குத் தேவைப்படுவது இரண்டாவதே. கலைச்சொல் அறிவுத்துறைக்கு இன்றியமையாதது. எனினும், அதைப் பயன்படுத்தும் முன்னர் அது சுட்டும் பணியைச் சொல்லிவிட்டால் சொல்லும் நிலைபெறும்; பொருளும் நிலைபெறும்.

ஐந்து சொற்களின் பொருள்

மாவு விற்கும் பெண்ணிடம் தரப்பட்ட சீட்டுக்கு மீளலாம். குளிர்பதனப் பெட்டியின் உள்ளே மூடிய குழாய்களில் ஒரு வாயு இடைவிடாமல் சுற்றி வருகிறது. அது உள்ளே ஆவியாகும்போது பெட்டியினுள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; வெளிப்புறக் குழாய்களில் மீண்டும் நீர்மமாகும்போது அவ்வெப்பத்தை வெளியே விடுகிறது. பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டோ சூடாக இருப்பது இதனால்தான். இச்சுழற்சியை நடத்தும் இதயம் போன்றது ‘கம்பிரசர்’ எனப்படும் அழுத்தும் இயந்திரம்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வாயு, வண்டியில் ஊற்றும் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. ஆண்டுகள் பல ஆனாலும் அதே வாயுவே சுற்றி வரும். அது குறைந்துவிட்டது என்றால், குழாயில் எங்கோ ஒரு துளை ஏற்பட்டிருக்கிறது என்பதே பொருள். துளையை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். சில காலம் குளிரும். பிறகு மீண்டும் நின்றுவிடும். சென்ற ஆண்டு பணம் கொடுத்தும் இந்த ஆண்டு பெட்டி நின்றதற்குக் காரணம் இதுவே. இந்த ஒரு தொடரை யாரேனும் சென்ற ஆண்டே அப்பெண்ணுக்குச் சொல்லியிருந்தால், “துளையை அடைத்துவிட்டீர்களா?” என்று அவர் கேட்டிருப்பார்.

இனி அச்சீட்டின் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காயில் லீக் என்பது உறைபெட்டியைச் சூழ்ந்துள்ள குழாய்ச் சுருளில் நுண்துளை விழுந்திருப்பதைக் குறிக்கும். படிந்த பனிக்கட்டியைக் கத்தியால் சுரண்டுவது இத்தகைய துளைக்குப் பொதுவான காரணம்.

பிரேசிங் என்பது அத்துளையை உலோகக் கம்பியை உருக்கிப் பற்றவைத்து அடைப்பது.

ஃபில்டர் என்பது குழாயினுள் இருக்கும் ஈரத்தையும் தூசியையும் ஈர்த்துக்கொள்ளும் சிறு வடிகட்டி. குழாயை ஒருமுறை திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே புகுந்துவிடும். ஆகவே, பழைய வடிகட்டியை மாற்றுவது முறை.

வேக்கம் என்பது குழாயினுள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் ஒரு பம்பு கொண்டு முற்றிலும் உறிஞ்சி வெளியேற்றுவது. ஈரம் தங்கிவிட்டால், மிகக் குறுகிய நுண்குழாயில் அது பனியாக உறைந்து வழியை அடைத்துவிடும்.

கேஸ் சார்ஜ் என்பது அப்பெட்டிக்கு உரிய வாயுவை உரிய அளவில் நிரப்புவது.

ஐந்து சொற்களும் ஐந்து தனித்தனிக் கட்டணங்கள் போலத் தோன்றின. விளக்கிய பின்னர் அவை ஒரே செயலின் ஐந்து படிகள் என்பது தெளிவாகிறது. துளையை அடைக்கக் குழாயைத் திறக்க வேண்டும். திறந்தால் வடிகட்டியை மாற்ற வேண்டும். மாற்றியபின் காற்றை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றியபின் வாயுவை நிரப்ப வேண்டும். காரணமும் விளைவும் சங்கிலிபோல் தொடர்வதைக் காட்டிவிட்டால், எந்தப் படியையும் தவிர்க்க இயலாது என்பதைக் கேட்பவரே உணர்ந்துகொள்வார். வற்புறுத்தத் தேவையில்லை.

தெரிந்து தெளிவோம்
குளிர்பதனப் பெட்டிகளில் முற்காலத்தில் பயன்பட்ட ஆர் 12 என்னும் வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையை அடுத்து அதன் பயன்பாடு படிப்படியாகக் கைவிடப்பட்டது. இன்றைய பெட்டிகளில் ஆர் 134ஏ, ஆர் 600ஏ ஆகியவை பயன்படுகின்றன. ஆர் 600ஏ தீப்பற்றும் தன்மையுடையது. எனவே, அவ்வாயுவை முற்றிலும் வெளியேற்றிக் காற்றோட்டம் ஏற்படுத்தாமல் அருகில் நெருப்பைக் கொண்டு செல்லுதல் கூடாது. எந்த வாயு என்பது பெட்டியில் ஒட்டப்பட்ட வில்லையில் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றிற்கு மாற்றாக மற்றொன்றை நிரப்புதல் தவறு.

உறுதியும் ஐயமும்

மதிப்பீடு என்பது விலைப்பட்டியல் அன்று. ஒரு பகுதி கண்டறிந்த உண்மை. மற்றொரு பகுதி அனுபவத்தால் கொண்ட ஊகம். இன்னொரு பகுதி திறந்து பார்த்த பின்னரே தெரியக்கூடியது. மூன்றையும் ஒரே குரலில் சொல்வதால்தான் பிணக்குகள் பல தோன்றுகின்றன.

இருசக்கர வண்டி ஒன்றின் புகைபோக்கியில் நீலநிறப் புகை வருகிறது என்று கொள்ளலாம். நான்கு வீச்சு எஞ்சினில் அது எண்ணெய் எரிவதற்கான அடையாளம், இது உறுதி. எண்ணெய் எவ்வழியாக எரியறைக்குள் புகுகிறது என்பது ஐயத்திற்குரியது. வால்வின் அடைப்பான் தேய்ந்திருக்கலாம், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்திருக்கலாம், உருளையே தேய்ந்திருக்கலாம். முன்னது எனில் செலவு சிறிது. பின்னது எனில் உருளையைக் கடைந்து புதிய பிஸ்டன் பொருத்த வேண்டும், செலவு பன்மடங்காகும். எஞ்சினைத் திறக்காமல் இதை முடிவாகச் சொல்ல எவராலும் இயலாது.

இந்நிலையில் சிறிய தொகையைச் சொல்லி வண்டியை வாங்கிக்கொண்டு, பிறகு பெரிய தொகையைக் கேட்பது நம்பிக்கையைக் குலைக்கும். தொடக்கத்திலேயே பெரிய தொகையைச் சொல்லி அச்சுறுத்துவதும் முறையன்று. நேரிய வழி ஒன்று உண்டு. “எண்ணெய் எரிகிறது என்பது உறுதி. காரணம் இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். குறைந்த அளவு இவ்வளவு ஆகும். மிகுந்தால் இவ்வளவு ஆகும். திறந்து பார்த்ததும் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சரி என்ற பிறகுதான் மேற்கொண்டு கைவைப்பேன். வேண்டாம் என்றால், திறந்து பூட்டிய கூலி மட்டும் இவ்வளவு” என்று சொல்லலாம். கடைசித் தொடர் மிகவும் இன்றியமையாதது. மறுப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று முன்னரே அறிந்தவரால் மட்டுமே உரிமையோடு சம்மதிக்க முடியும்.

‘தெரியவில்லை’ என்று சொல்வது திறமைக்குறைவின் அடையாளம் என்று தொழில் செய்வோர் சிலர் அஞ்சுகின்றனர். எது தெரியும், எது இன்னும் தெரியாது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே உண்மையில் தம் தொழிலை நன்கு அறிந்தவர். மருத்துவர் ஆய்வு முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்வதை எவரும் குறையாகக் கருதுவதில்லை.

இன்று, பின்னர், விரும்பினால்

நீண்ட பட்டியலைக் கண்டதும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் வினா, “எல்லாமே இப்போதே செய்ய வேண்டுமா?” என்பதே. இவ்வினாவை அவர் கேட்கும் முன்பே பட்டியல் விடை சொல்லிவிட வேண்டும். இருசக்கர வண்டிக்குரிய பட்டியலை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, இன்றே செய்ய வேண்டியவை. தேய்ந்த பிரேக் கட்டை, இழை தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயர் போன்றவை உயிரோடு தொடர்புடையவை. அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது என்று பழுதுநீக்குநர் உறுதியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சில காலம் தாங்கக்கூடியவை. தேயத் தொடங்கிய சங்கிலியும் பற்சக்கரமும் இவ்வகையைச் சேரும். தள்ளிப்போட்டால் என்ன அடையாளம் தோன்றும், எப்போது மீண்டும் வர வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

மூன்றாவது, விரும்பினால் செய்யக்கூடியவை. இருக்கை உறை, வண்ணப்பூச்சு முதலியன தோற்றத்திற்கு உரியவை.

மாதச் சம்பளத்தையோ அன்றாடக் கூலியையோ நம்பி வாழும் குடும்பத்திற்கு இப்பகுப்பு பெரும் உதவியாகும். பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதத்தில் எதைச் செய்வது, எதை அடுத்த மாதத்திற்கு வைப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்வர். சில வேளைகளில் பழுதை நீக்காமல் விடுவதும் ஒரு நல்ல முடிவாகும். மிகப் பழைய பெட்டியின் கம்பிரசரை மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்குமானால், அதை மறைக்காமல் சொல்வது கடமை. அன்றைய வேலை ஒன்று கைவிட்டுப் போகலாம். அக்குடும்பம் வாழ்நாள் முழுவதும் அவரையே தேடி வரும்.

கூலியின் கணக்கு

மதிப்பீட்டில் மிகுதியான பிணக்கு உண்டாக்கும் பகுதி கூலியே. உதிரிபாகத்தின் விலையைக் கடையில் கேட்டு அறியலாம். கூலிக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. “ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவா?” என்னும் வினா எழுகிறது.

ஐந்து நிமிடத்தில் பழுதைக் கண்டறியும் ஆற்றல் ஐந்து நிமிடத்தில் வந்ததன்று. பல ஆண்டுப் பயிற்சி, கருவிகளின் விலை, வந்து செல்லும் நேரம், செய்த வேலை மீண்டும் கெட்டால் திரும்ப வந்து பார்க்கும் பொறுப்பு ஆகிய அனைத்தும் கூலியில் அடங்கியுள்ளன. இதைப் பணிவோடும் தெளிவோடும் எடுத்துரைக்கலாம். அவ்வாறு உரைக்கத் தயங்குவோர், கூலியைக் குறைத்துக் காட்டி அக்குறையை உதிரிபாகத்தின் விலையில் ஏற்றிவிடுகின்றனர். வாடிக்கையாளர் அப்பாகத்தின் உண்மை விலையைப் பின்னர்க் கடையில் அறிய நேரும்போது, தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதுகிறார். உழைப்புக்கு விலை தர மனமில்லாத வாடிக்கையாளரும், உழைப்புக்கு வெளிப்படையாக விலை கேட்கத் துணியாத தொழிலாளரும் சேர்ந்து உண்டாக்கும் பொய் இது. கூலியைக் கூலி என்றே எழுதுவதும், அதைக் கூலி என்றே ஏற்பதும் இருவருக்கும் மதிப்பைத் தரும்.

கேட்போர் கடமை

விளக்கம் என்பது ஒருவழிப் பாதையன்று. பழுதுநீக்குநர் தெளிவாகச் சொல்ல வேண்டுமெனில், வாடிக்கையாளரும் தெளிவாகச் சொல்ல வேண்டும். “வண்டி சரியில்லை” என்பதைவிட, “காலையில் முதல்முறை கிளப்பும்போது மட்டும் நின்றுவிடுகிறது, சூடேறிய பிறகு நன்றாக ஓடுகிறது” என்பது பாதிப் பழுதைக் கண்டறிந்து கொடுத்துவிடும். எப்போது தொடங்கியது, எந்நேரத்தில் நேர்கிறது, எத்தகைய ஒலி அல்லது மணம் வருகிறது, இதற்குமுன் யார் என்ன செய்தார் என்னும் நான்கையும் சொல்லிப் பழக வேண்டும்.

அதைப் போலவே, கேட்கவும் பழக வேண்டும். பழுது எங்கே? அதை எப்படி உறுதி செய்தீர்கள்? சரி செய்யலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா? செய்யாவிட்டால் என்ன ஆகும்? மொத்தம் எவ்வளவு? உத்தரவாதம் எத்தனை நாள்? மாற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? இவ்வினாக்களைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் போல எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டுப் பின்னர்ப் புறங்கூறுவதைவிட, எதிரில் நின்று கேட்பதே அத்தொழிலாளருக்குச் செய்யும் மரியாதை.

காட்டிச் சொல்வதும் பயன் தரும். கம்பிரசரின் மின்சுருள் அறுந்துவிட்டது என்று வாயால் சொல்வதைக் காட்டிலும், அளவிடும் கருவியின் இரு முனைகளையும் அதில் வைத்து, முள்ளோ எண்ணோ மாறாமல் இருப்பதைக் காட்டுவது சிறந்தது. நன்றாக உள்ள மற்றொரு மின்சுருளில் வைத்து அது மாறுவதையும் காட்டினால், கண்ணே சான்றாகிவிடும்.

சட்டத்தின் துணை

இந்திய நாடாளுமன்றம் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிசம்பர் 24ஆம் நாளே தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு மாற்றாக 2019ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டம் பொருள்களுக்கு மட்டும் உரியதன்று. பழுதுநீக்குதல் உள்ளிட்ட, கட்டணம் பெற்றுச் செய்யும் பணிகளுக்கும் உரியது. தாம் பெறும் பொருள் அல்லது பணியின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என இச்சட்டம் கூறுகிறது. செய்த பணிக்கு உரிய முறையில் இரசீது தராமல் இருப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக வைக்கிறது. குறை நேர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம்.

பழுதுநீக்கும் உரிமை குறித்த சிந்தனையும் வளர்ந்து வருகிறது. உற்பத்தி நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் வழிமுறைகளையும் மக்களுக்கும் பிற தொழிலாளர்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022ஆம் ஆண்டு இதற்கெனக் குழு ஒன்றை அமைத்தது. எறியப்படும் பொருள் குறைந்தால் மின்னணுக் கழிவும் குறையும் என்பதால், இது சுற்றுச்சூழலையும் சார்ந்த உரிமையாகும்.

சட்டம் இறுதிப் புகலிடம். தெளிவாக எழுதிய ஒரு சீட்டு, ஆணையத்தின் படியேறும் தேவையைப் பெரும்பாலும் இல்லாமல் ஆக்கிவிடும்.

மீண்டும் அச்சீட்டு

அதே பழுதுநீக்குநர், அதே வீடு, அதே 4,200 ரூபாய். சீட்டு மட்டும் வேறாக இருந்திருந்தால் எவ்வாறு இருந்திருக்கும்?

பழுது: உறைபெட்டிக் குழாயில் சிறு துளை, வாயு கசிந்துவிட்டது. கம்பிரசர் நன்றாக உள்ளது.
துளையை அடைத்தல் – 900
வடிகட்டி மாற்றுதல் – 300
காற்றை வெளியேற்றி வாயு நிரப்புதல் – 1,800
கூலி – 1,200
மொத்தம் – 4,200
அடைத்த இடத்தில் மூன்று மாதத்திற்குள் கசிந்தால் கட்டணம் இல்லை.
குறிப்பு: பனிக்கட்டியைக் கத்தியால் சுரண்ட வேண்டாம், பெட்டியை நிறுத்தித் தானாக உருக விடவும்.

இதை எழுத ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். இச்சீட்டைப் படித்த அப்பெண், “போன வருடமும் கேஸ் நிரப்பினோமே தம்பி, அப்போது இந்தத் துளையை அடைக்கவில்லையா?” என்று கேட்டிருப்பார். “அடைத்திருந்தால் இப்போது என்னைக் கூப்பிட வேண்டி வந்திருக்காது அக்கா” என்று அவர் சிரித்தபடி விடை சொல்லியிருப்பார். அதன்பின் அப்பெண் தலையசைத்திருந்தால், அது உண்மையான சம்மதமாக இருந்திருக்கும். அவ்வீட்டில் கத்தி மீண்டும் உறைபெட்டிக்குள் சென்றிருக்காது. அண்டை வீட்டாரிடமும் வேறொரு செய்தி சென்றிருக்கும்.

மேல்நிலைக் கல்வியை முடித்துத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் செல்வோர் பலர். கருவிகளைக் கையாளும் பயிற்சி அங்கே கிடைக்கும். அறிந்ததை அறியாதவருக்கு உரைக்கும் பயிற்சி மொழிப்பாடத்தின் கொடை. மருத்துவர், வழக்கறிஞர், வங்கி அலுவலர், பழுதுநீக்குநர் என எத்தொழிலை மேற்கொண்டாலும், எதிரில் ஒருவர் புரியாமல் தலையசைக்கும் தருணம் வரும். அத்தருணத்தில் சற்று நின்று, சொல்லை மாற்றி, மீண்டும் ஒருமுறை சொல்பவரே தம் தொழிலை முழுமையாகச் செய்தவர் ஆவார்.

கற்பவை கற்றபின்

1. வீட்டில் அண்மையில் பழுதுநீக்கிய பொருளுக்குரிய சீட்டு ஒன்றைப் பெற்று, அதிலுள்ள தொழிற்சொற்களை அவற்றின் பணியால் விளக்கி மாற்றி எழுதுக.
2. பழுதுநீக்குநராகவும் வாடிக்கையாளராகவும் இருவர் நடிக்க, மின்விசிறியின் பழுதை விளக்கும் உரையாடலை வகுப்பில் நிகழ்த்துக.
3. உங்கள் பகுதியில் வழங்கும் ஏதேனும் ஒரு தொழிலின் குழூஉக்குறிகளைத் தொகுத்துப் பொருளுடன் பட்டியலிடுக.